‘போவம்’ என்றால் எப்போது? திருகோணமலை நினைவுப் பலகைகளின் ஆங்கிலம் திருத்தப்பட்ட கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலையில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து, முதியவர்கள் எட்டுப் பேரின் பழைய நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். கிண்ணியாத் துறையடி, கோட்டை மான்கள், கரையில் நின்று இழுக்கும் கரைவலை, இரவு ரயில், 2004 டிசெம்பர் 26 கடல்கோள் எனப் பேச்சு பல பக்கமும் போனது. அதிலிருந்து ஒன்பது காட்சிப்பலகைகள் தயாராகின. மேலே தமிழ், கீழே ஆங்கிலம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு ஆங்கிலச் சொற்கள். நகரத்து மண்டபம் ஒன்றில் மூன்று நாள் வைத்துவிட்டு, பிறகு உப்புவெளிப் பக்கம் உள்ள விருந்தினர் விடுதி ஒன்றின் முன்கூடத்துக்கு மாற்றினார்கள். கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அங்கே வெளிநாட்டவர் வந்துபோவார்கள். ஆங்கிலம் சேர்த்தது அவர்களுக்காகத்தான்.

மொழிபெயர்த்தவர்கள் இருவர். ஒருவர் கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர், மற்றவர் நகரத்துப் பெண். இருவரும் உயர்தரம் முடித்தவர்கள், ஆங்கிலத்தை ஓரளவு தடையில்லாமல் வாசிப்பவர்கள். சொல்வளத்தில் குறையில்லை. துறையடி, பாதை, கரைவலை போன்றவற்றுக்குப் பொருத்தமான சொல் தேடி நிறையவே மினக்கெட்டிருந்தார்கள். (கிழக்கில் ஆள்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைக்குப் ‘பாதை’ என்றுதான் பெயர்.) சிக்கல் வந்த இடம் வினைச்சொல்.

இங்கே வரும் ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் ஒலிப்படி தமிழ் எழுத்தில் உள்ளன.

முதலில் தெரிந்த குறை

பலகைகள் விடுதிக்குப் போன முதல் கிழமையே, தங்கியிருந்த ஒரு தம்பதி முன்மேசையில் ஒரு கேள்வி கேட்டார்கள்: கிண்ணியாவுக்குப் போகும் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு? இருட்டுமுன் திரும்பி வர முடியுமா?

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். பஸ்ஸில் ஏறினால் நேரே அக்கரை. முன்மேசையில் இருந்தவர் அதைச் சொன்னதும், அவர்கள் பலகையைக் காட்டினார்கள். அதில் இருந்தது இது:

‘பீப்பிள் வில் வெயிட் அட் த ஜெட்டி. த ஃபெரி வில் நொட் கம் ஆஃப்டர் டார்க்.’

ஆங்கிலம் அறிந்தவர் இதை வாசித்தால், ஆள்கள் துறையடியில் காத்திருப்பார்கள், இருட்டிய பிறகு பாதை வராது, கவனமாக இருங்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நினைவுக் குறிப்பு நேர அட்டவணையாகிவிட்டது. தம்பதியின் வாசிப்பில் எந்தப் பிழையும் இல்லை.

முதியவர் சொன்னதைப் பதிவில் கேட்டால் காரணம் உடனே தெரிகிறது. அவர் சொன்னது: “சனம் துறையடியில காத்துக் கிடக்கும். இருட்டினாப் பாதை வராது.” கிடக்கும், வராது. பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் இவை எதிர்கால வினைகள். எதிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் ‘வில்’ என்று ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் ‘வில்’ போட்டார்கள். அசட்டையாகச் செய்தது அல்ல இது. சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்க நினைத்ததால் வந்தது.

ஒன்பது பலகைகளையும் இந்தக் கண்ணோடு மீண்டும் பார்த்தபோது, ஏழில் இதே ‘வில்’ இருந்தது. சிலவற்றில் முதல் வரியிலேயே ‘வென் ஐ வொஸ் ஸ்மோல்’, அதாவது ‘நான் சின்னவனாக இருந்தபோது’ என்று காலம் சொல்லப்பட்டிருந்தது. அங்கே ‘வில்’ வெறும் இலக்கணப் பிழை. வாசிப்பவர் முகம் சுளித்தாலும் பொருளைப் பிடித்துவிடுவார். காலம் சொல்லும் வரி இல்லாத பலகையில் அதே ‘வில்’ பொய்த் தகவல் ஆகிறது. பின்னால் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் இந்த வேறுபாடு அடிப்படையாக இருந்தது.

முதல் திருத்தம், அது ஏன் தோற்றது

கிண்ணியா இளைஞர் அன்றிரவே ஒரு தீர்வு கண்டார். பழைய பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’ என்று படித்தது ஞாபகம் வந்தது. கணினியில் ‘வில்’ எல்லாவற்றையும் ‘யூஸ்ட் டு’ ஆக்கினார். அதோடு நிற்கவில்லை. கடந்தகாலம் பற்றிய பலகைகள்தானே என்று, சரியாக இருந்த சாதாரண இறந்தகால வினைகளையும் மாற்றினார். அச்சுக்குக் கொடுக்குமுன், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் காட்டும்படி குழுவில் முடிவானது.

அவர் கடல்கோள் பலகையில் நின்றுவிட்டார். அதில் இருந்தது:

‘இன் 2004 த ஸீ யூஸ்ட் டு கம் இன்டு அவர் ஹவுஸ்.’

“தம்பி, இதை எனக்குத் தமிழில சொல்லுங்கோ.”

“2004இல கடல் எங்கட வீட்டுக்குள்ள வந்தது, ரீச்சர்.”

“நீங்க எழுதியிருக்கிறது அது இல்லை. 2004இல கடல் அடிக்கடி வீட்டுக்குள்ள வந்து போகும், இப்ப வாறேல்ல. அப்பிடித்தான் இருக்கு.”

இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. அந்த வரியைச் சொன்ன மூதாட்டி அன்று தன் வீட்டில் இருவரை இழந்தவர். ஒரே ஒரு காலை நேரம், ஒரே ஒரு முறை. அதை வாடிக்கையாக நடந்ததுபோல எழுதிவிட்டு அவர் பெயரில் தொங்கவிட முடியாது. திருத்தத்தை அவசரமாக முடிக்கும் எண்ணம் அந்த இடத்தில் கைவிடப்பட்டது. அச்சு இரண்டு கிழமை தள்ளிப்போனது.

‘யூஸ்ட் டு’வை எங்கும் போட்டதால் வந்த மற்றப் பிழைகளும் அன்றைக்கே வகை பிரிக்கப்பட்டன. தமிழ் மாணவரிடம் அடிக்கடி காண்பவை என்பதால் விரிவாகத் தருகிறோம்.

ஒருமுறை நடந்தது. ‘தே யூஸ்ட் டு ஓப்பின் த பிரிட்ஜ் இன் 2009.’ பாலத்தைத் திறந்தது ஒரு நாள். இங்கே ‘ஓப்பின்ட்’ என்ற சாதாரண இறந்தகாலம் மட்டுமே நிற்கும்.

அளவு சொல்லப்பட்டது. ‘வீ யூஸ்ட் டு லிவ் தெயர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்.’ ஆறு வருடம், மூன்று தடவை என்று கணக்கு வந்துவிட்டால் ‘யூஸ்ட் டு’ பொருந்தாது. அது விளிம்பு தெரியாத பழக்கத்தைச் சொல்வது, கணக்கோ விளிம்பு போடுவது. ‘வீ லிவ்ட் தெயர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்பதே சரி. நல்ல மாணவர்களிடமும் அதிகம் தப்பிப்போகும் பிழை இது.

வினையின் வடிவம். ‘யூஸ்ட் டு வென்ட்’ என்று இரண்டு இடத்தில். ‘யூஸ்ட் டு’வுக்குப் பின்னால் வினை தன் அடிப்படை வடிவிலேயே வரவேண்டும்: ‘யூஸ்ட் டு கோ’. கடந்தகாலத்தை ‘யூஸ்ட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது.

எழுத்து. ‘யூஸ்ட்’ என்பதன் கடைசி எழுத்தான ‘டி’ பல இடங்களில் விடுபட்டிருந்தது. அடுத்து வரும் ‘டு’வின் ஒலியோடு அது கரைந்துவிடுவதால் காதுக்குக் கேட்காது. காதால் எழுதுபவர் விட்டுவிடுவார். ஆனால் ‘டிட்’ அல்லது ‘டிடின்ட்’ முன்னால் வந்தால் அந்த ‘டி’யை எடுத்துவிட வேண்டும் என்பதே பாடப்புத்தக வழக்கு.

பழகிப்போதல். முதியவர் ஒருவர், “பாதை ஆடும், அதுக்கு நாங்க பழகிட்டம்” என்றிருந்தார். பலகையில் ‘வீ யூஸ்ட் டு த ரொக்கிங்’ என்றிருந்தது. ஒன்றுக்குப் பழகிப்போயிருந்தோம் என்பதற்கு ‘வேர்’ வேண்டும்: ‘வீ வேர் யூஸ்ட் டு த ரொக்கிங்’. இதன் பின் வருவது பெயர்ச்சொல், அல்லது ‘இங்’ சேர்ந்த வினை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை வேறு வேறு அமைப்புகள்.

தமிழ்ப் பக்கம் என்ன நடக்கிறது

பிழையின் வேர் தமிழில் இருந்ததால், முதலில் தமிழைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ‘நாளைக்குக் கோயிலுக்குப் போவம்’ என்பதிலும் ‘அந்தக் காலத்தில நடந்துதான் போவம்’ என்பதிலும் வினை ஒன்றே. முதலாவது இனி நடக்கப்போவது, இரண்டாவது முன்பு வழக்கமாக நடந்தது. எது எது என்பதை வினை சொல்வதில்லை. ‘நாளைக்கு’, ‘அந்தக் காலத்தில’ என்ற சொற்கள் சொல்கின்றன. கதை கேட்பவருக்குச் சூழல் முன்பே தெரியும் என்பதால், பேச்சில் அந்தச் சொற்களும் விழுந்துவிடும். முதியவர்கள் ஒருமுறை ‘அப்ப’ என்று தொடங்கிவிட்டுப் பத்து நிமிடம் ‘போவம், வருவம், கிடப்பம்’ என்றே பேசுவார்கள். பதிவிலிருந்து நடு வாக்கியம் ஒன்றை வெட்டிப் பலகையில் வைக்கும்போது ‘அப்ப’ பின்னால் தங்கிவிடுகிறது.

நமது பேச்சுத் தமிழில் இன்னொரு வடிவமும் உண்டு: ‘போறனாங்கள்’, ‘வாறனான்’. ‘முந்தி லோஞ்சில மூதூருக்குப் போறனாங்கள்’ என்றால் பழைய வழக்கம் (லோஞ்ச் என்பது ஆள் ஏற்றும் இயந்திரப் படகு). ‘யூஸ்ட் டு’வுக்கு இதுவே நேர் என்று குழுவில் ஒருவர் சொன்னார். கிட்ட வந்த யோசனைதான், முழுவதும் பொருந்தவில்லை. ‘ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போறனான்’ என்று இன்றும் போகிறவரும் சொல்வார். ‘போறனான்’ வழக்கத்தைச் சொல்கிறது, நின்றுபோனதைச் சொல்லவில்லை. ஆங்கில ‘யூஸ்ட் டு’ கேட்பவருக்கு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: முன்பு இருந்தது, இப்போது இல்லை.

இந்த இரண்டாவது பாதியின் கனம் கோட்டை மான் பலகையில் புரிந்தது. “கோட்டைக்குள்ள மான் திரியும்” என்ற வரி, ‘டியர் யூஸ்ட் டு ரோம் இன்சைட் த ஃபோர்ட்’ என்று மாறியிருந்தது. கோணேசர் கோயிலுக்குப் போக பிரெட்றிக் கோட்டை வழியாக நடப்பவர் எவரும் இன்றைக்கும் மான்களைப் பார்க்கிறார். காலையில் மானைப் படம் பிடித்துவிட்டு மாலையில் ‘மான்கள் இருந்தன, இப்போது இல்லை’ என்ற பலகையை வாசிக்கும் விருந்தினர், மற்ற எட்டுப் பலகைகளையும் நம்பத் தயங்குவார்.

எடுத்த முடிவு

ஆசிரியையும் மொழிபெயர்ப்பாளர் இருவரும் சேர்ந்து ஒரு வேலைமுறை வகுத்தார்கள். ஆங்கிலப் பிரதியை மூடிவைத்துவிட்டு, பதிவைக் கேட்டு எழுதிய தமிழ் எழுத்துப்பெயர்ப்பில் ஒவ்வொரு வினைக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் வரிசையாகச் சில கேள்விகள்.

முதற்கேள்வி: இது ஒருமுறை நடந்ததா, அல்லது எத்தனை முறை, எவ்வளவு காலம் என்று கணக்குச் சொல்லப்பட்டதா? ஆம் என்றால் சாதாரண இறந்தகாலம். வேறு யோசனை வேண்டாம்.

இல்லை என்றால், இது இன்றும் நடக்கிறதா? நடக்கிறதென்றால் ‘யூஸ்ட் டு’ கூடாது. நிகழ்காலத்தில் எழுதலாம், அல்லது இறந்தகாலத்தில் எழுதி ‘இன்றும்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம்.

நின்றுபோன வழக்கம் என்றால், இந்தப் பலகையில் அதைச் சொல்லும் முதல் வாக்கியமா இது? முதலாவது என்றால் ‘யூஸ்ட் டு’. ஒரு பலகைக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. கதவு ஒருமுறை திறந்தால் வாசிப்பவர் உள்ளே வந்துவிடுவார், பிறகு ஒவ்வொரு வரியிலும் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

அடுத்தடுத்த வாக்கியங்களில் வருவது செயலா, நிலையா? திரும்பத் திரும்பச் செய்த செயல் என்றால் ‘வுட்’ போடலாம்: ‘ஐ வுட் வோக்’, ‘ஹீ வுட் ஷவுட்’. இருத்தல், வாழ்தல், அறிதல், வைத்திருத்தல், விரும்புதல் போன்ற நிலைகளுக்கு ‘வுட்’ பழைய வழக்கத்தைத் தராது. ‘வீ வுட் ஹாவ் எ போட்’ என்றால் எங்களிடம் படகு இருந்தது என்று பொருள் வராது, இருந்திருக்கும், இருக்கக்கூடும் என்று போய்விடும். நிலைக்கு ‘ஹாட்’ அல்லது ‘யூஸ்ட் டு ஹாவ்’.

காலத்தைக் காட்டும் வரி எதுவும் முன்னால் இல்லாமல் ‘வுட்’டில் ஒரு பலகையைத் தொடங்குவதில்லை என்றும் முடிவானது. சூழல் இல்லாத ‘வுட்’டை வாசிப்பவர் நிபந்தனை வாக்கியமாக எடுத்துக்கொண்டு, ‘அப்படியென்றால்’ எங்கே என்று தேடுவார்.

‘வில்’லின் பழைய இறந்தகால வடிவம்தான் ‘வுட்’ என்பதை ஆசிரியை எடுத்துச் சொன்னது இருவருக்கும் பெரிதும் உதவியது. தமிழில் ‘போவம்’ செய்யும் வேலையையே ஆங்கிலத்தில் ‘வில்’ குடும்பம் செய்கிறது, ஒரு படி பின்னால் நகர்ந்து. ஆகவே அவர்கள் முதலில் போட்ட ‘வில்’ முழுக்க அன்னியமான வழி அல்ல, பாதியில் நின்ற வழி. பிழை செய்த மாணவரிடம் இதைச் சொல்வது, ‘தவறு’ என்று சிவப்புக் கோடு போடுவதைவிட எவ்வளவோ மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சாதாரண இறந்தகாலத்தை இருவரும் ஏழையின் வடிவம்போல நினைத்திருந்தார்கள். அதுவும் மாற வேண்டியிருந்தது. ‘எவ்ரி மோர்னிங்’, ‘ஒஃபன்’, ‘நெவர்’ போன்ற ஒரு சொல் பக்கத்தில் இருந்தால் ‘வென்ட்’ என்ற எளிய வினையே பழக்கத்தை முழுமையாகச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் அதற்குத் திரும்பினால் போதும், வழுக்காது.

ஒரு பலகை, கிட்டத்தில்

துறையடி பற்றிய இன்னொரு பலகையின் தமிழ் இது:

“நான் சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள திருகோணமலைக்குப் பாதையிலதான் போவம். விடியச் சாமத்தில எழும்பி வாப்பாவோட துறையடிக்கு நடப்பன். பாதை அக்கரையில நிண்டாச் சத்தம் போட்டுக் கூப்பிடுவம். இருட்டினா அது வராது, துறையடியிலதான் படுப்பம். 2009இல பாலம் திறந்தாங்க. அண்டைக்கு நடந்தே அக்கரைக்குப் போனன்.”

‘யூஸ்ட் டு’ மயமான பிரதியில் இந்த ஆறு வரிக்குள் எட்டு ‘யூஸ்ட் டு’. கடைசி வரியில் கூட, ‘தட் டே ஐ யூஸ்ட் டு வோக் அக்ரொஸ்’. கேள்விகளைக் கேட்டு எழுதிய இறுதிப் பிரதி:

‘வென் ஐ வொஸ் ஸ்மோல், வீ யூஸ்ட் டு கோ டு ட்ரிங்கோ பை ஃபெரி. ஐ வுட் கெட் அப் பிஃபோர் டோன் அண்ட் வோக் டு த ஜெட்டி வித் மை ஃபாதர். இஃப் த ஃபெரி வொஸ் ஒன் த அதர் சைட், வீ ஷவுட்டட் ஃபோர் இட். இட் நெவர் கேம் ஆஃப்டர் டார்க், சோ வீ ஸ்லெப்ட் அட் த ஜெட்டி. த பிரிட்ஜ் ஓப்பின்ட் இன் 2009. தட் டே ஐ வோக்ட் அக்ரொஸ்.’

முதல் வரியில் ‘யூஸ்ட் டு’ வந்து, இது முடிந்துபோன உலகம் என்று சொல்லிவிடுகிறது. இரண்டாம் வரியில் ஒரே ‘வுட்’, எழும்புவதையும் நடப்பதையும் ‘அண்ட்’ மூலம் சுமக்கிறது. இரண்டாவது ‘வுட்’ தேவையில்லை. மூன்றாவதிலிருந்து சாதாரண இறந்தகாலம். ‘நெவர்’ என்ற சொல் ‘ஒருநாளும் வராது’ என்பதன் அழுத்தத்தைக் கொடுக்கிறது. கடைசி இரண்டு வரியும் ஒரு நாளில் நடந்தவை, அதனால் வெறும் வினை. முதியவரும் அந்த இடத்தில்தான் ‘போவம்’ என்பதிலிருந்து ‘போனன்’ என்பதற்கு மாறியிருந்தார். தமிழில் அந்த மாற்றம் கண்முன்னே இருந்தது. மொழிபெயர்ப்பு அதை இரண்டு முறை கவனிக்காமல் கடந்துபோயிருந்தது.

காற்புள்ளிகள்

வினைகள் சரியான பிறகே நிறுத்தக்குறிகளைப் பார்த்தார்கள். இந்த வரிசை சரியானது. வினை மாறினால் வாக்கியம் உடைந்து சேரும், முதலில் போட்ட குறிகள் வீணாகும்.

‘வென்’னில் தொடங்கும் பகுதி முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் காற்புள்ளி. அதே பகுதி பின்னால் போனால் காற்புள்ளி இல்லை: ‘வீ யூஸ்ட் டு கோ பை ஃபெரி வென் ஐ வொஸ் ஸ்மோல்.’ முதற்பிரதியில் இது தலைகீழாக இருந்தது. ‘இன் 2009’, ‘எவ்ரி ஈவினிங்’ போன்ற இரண்டு மூன்று சொல் தொடர் முன்னால் வந்தால் குறி கட்டாயமில்லை. ஆனால் ஒரு பலகையில் போட்டு மறு பலகையில் விடக்கூடாது. விடுவதென்று முடிவு செய்து எல்லாவற்றிலும் விட்டார்கள்.

அதிகம் இருந்த பிழை, இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவது. ‘வீ யூஸ்ட் டு லிவ் இன் உப்புவெளி, வீ மூவ்ட் இன் 2005.’ தமிழில் ‘இருட்டினா அது வராது, துறையடியிலதான் படுப்பம்’ என்று எழுதுவது இயல்பு, யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆங்கிலம் அங்கே முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, அல்லது ‘பட்’, ‘சோ’ போன்ற இணைப்புச் சொல்லைக் கேட்கிறது. இணைப்புச் சொல் வந்து இரு பக்கமும் எழுவாயோடு முழு வாக்கியம் இருந்தால், அதற்கு முன்னால் காற்புள்ளி. இரண்டாம் பக்கத்தில் எழுவாய் இல்லாமல் வினை மட்டும் தொடர்ந்தால் வேண்டாம். மேலே ‘கெட் அப் பிஃபோர் டோன் அண்ட் வோக்’ என்பதில் குறி இல்லாதது அதனால்தான். பலகைகளில் பெரும்பாலும் முற்றுப்புள்ளியையே தேர்ந்தார்கள். நின்றபடி வாசிப்பவருக்குச் சிறு வாக்கியம் இலகு.

நீளமான எழுவாய்க்குப் பின் மூச்சு விடும் இடத்தில் குறி போடுவது இன்னொரு பழக்கம்: ‘த மென் ஹூ புல்ட் த நெட், யூஸ்ட் டு சிங்.’ வலை இழுத்த ஆட்கள் பாடுவார்கள். எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி வரக்கூடாது, எத்தனை நீளமானாலும். ‘மை அங்கிள், ஹூ லிவ்ட் இன் மூதூர், ஹாட் எ போட்’ என்பதில் இருப்பது ஒரு சோடி. இடைச்செருகலை இரு பக்கமும் அணைக்கின்றன. சோடியில் ஒன்றை மட்டும் விடுவது இரண்டையும் விடுவதைவிட மோசம்.

அபொஸ்ட்ரபி (எழுத்து விடுபட்டதைக் காட்டும் மேற்குறி) போட்ட சுருக்கங்களைப் பலகைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘வீ வுட்’ என்பதும் ‘வீ ஹாட்’ என்பதும் சுருங்கினால் ஒரே வடிவமாகின்றன. பின்னால் அடிப்படை வினை இருந்தால் ‘வுட்’, மூன்றாம் வடிவம் இருந்தால் ‘ஹாட்’ என்று பிரித்தறியலாம், ஆனால் விருந்தினரை அந்த வேலைக்கு விடுவது தேவையில்லை. 1980 என்ற எண்ணுக்கும் ‘எஸ்’ எழுத்துக்கும் நடுவே இருந்த அபொஸ்ட்ரபியும் போனது. பத்தாண்டைக் குறிக்க எண்ணும் ‘எஸ்’ஸும் ஒட்டி வந்தால் போதும்.

எல்லாக் குறியும் சரியாக இருந்தும் பொருள் கெட்ட ஒரு வரி கடைசிவரை ஒளிந்திருந்தது: ‘அஸ் எ சைல்ட், மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் மீ ஸ்டோரிஸ்.’ ஆங்கிலத்தில் முன்னால் வரும் இந்தத் தொடர், காற்புள்ளிக்குப் பின் வரும் முதல் பெயரைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் குழந்தையாக இருந்தவர் பாட்டிதான். ‘வென் ஐ வொஸ் எ சைல்ட், மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் மீ ஸ்டோரிஸ்’ என்று, ‘நான்’ உள்ளே வந்ததும் தீர்ந்தது.

பின்னர் நடந்தது

அச்சுக்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். திருகோணமலையைத் தெரியாத, ஆங்கிலம் நன்கு வாசிக்கும் இருவரிடம் ஒன்பது பிரதிகளையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதில் சொல்லப்பட்டது இன்றும் நடக்கிறதா? எட்டுப் பலகைகளுக்கு இருவரின் பதிலும் முதியவர்கள் சொன்னதோடு ஒத்துப்போனது. கரைவலைப் பலகையில் மட்டும் தவறியது. அதில் ‘த ஹோல் வில்லேஜ் வுட் புல் த நெட்’ என்று இருந்தது. ‘வுட்’ தானாக நின்றுபோனதைச் சொல்வதில்லை என்றாலும், முடிந்துபோன காலத்துக் கதைகளுக்கு நடுவே தொங்கும்போது அப்படித்தான் தொனிக்கிறது. கரைவலை இன்றும் இழுக்கப்படுகிறது. ‘தே ஸ்டில் டூ’ என்று மூன்று சொல் சேர்த்தார்கள். மான் பலகை, ‘டியர் ரோம்ட் இன்சைட் த ஃபோர்ட் தென், அண்ட் தே ரோம் தெயர் டுடே’ என்றானது.

புதிய பலகைகள் தொங்கிய பிறகு அந்தப் பருவம் முடியும்வரை முன்மேசையில் பாதை நேரம் எவரும் கேட்கவில்லை. பாலத்தில் நின்று பழைய துறையடி எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. அது வேண்டிய கேள்வி.

கடல்கோள் பலகையின் முதல் வரி, ‘இன் 2004 த ஸீ கேம் இன்டு அவர் ஹவுஸ்’ என்று நின்றது. ஆசிரியை அதில் வேறெதையும் தொடவில்லை. மூதாட்டியின் பேத்தி அதை ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். மூதாட்டி தலையசைத்தார்.

மாற்ற வேண்டியவை

திருத்தம் மொழிபெயர்ப்பு மேசையில் தொடங்கியது, பிந்திவிட்டது. ‘இது இப்பவும் நடக்குதா?’ என்பதற்கு இலக்கணப் புத்தகத்தில் பதில் இல்லை, சொன்னவரிடம்தான் இருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் சொன்ன ‘கோயில் தேருக்கு மூதூரிலயிருந்து லோஞ்சில சனம் வரும்’ என்ற வரிக்கு, எந்த வருடம்வரை என்று கேட்க ஆளில்லை. அந்த வரியை ‘யூஸ்ட் டு’ இல்லாமல், ‘பீப்பிள் கேம் ஃப்ரம் மூதூர் பை லோன்ச் ஃபோர் த ஃபெஸ்டிவல்’ என்று வெறும் இறந்தகாலத்தில் விட்டார்கள். வந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம், அதற்கு மேல் வினை எதையும் சொல்லக்கூடாது.

அடுத்த பதிவுகளுக்கு ஒரு பக்கத் தாள் தயாராகியிருக்கிறது. முதியவர் ‘போவம், வருவம்’ என்று சொல்லும் ஒவ்வொரு வழக்கத்துக்கும் நேரே மூன்று கட்டம்: எப்போதிலிருந்து, எப்போதுவரை, இப்பவும் உண்டா. பேச்சை இடைமறிக்காமல், முடிந்தபின் தேநீர் குடிக்கும் நேரத்தில் கேட்டு நிரப்புவது. எழுத்துப்பெயர்ப்பில் ஒரு வாக்கியத்தை வெட்டும்போது, அதற்கு முன்னால் கடைசியாக வந்த காலச்சொல்லையும் (‘அப்ப’, ‘முந்தி’, ‘சின்ன வயசில’) சேர்த்தே வெட்டுவது என்பதும் அந்தத் தாளின் அடியில் எழுதப்பட்டிருக்கிறது.